ஹெச்.எம். ஆனபிறகு வகுப்புக்குள் போக நேரமே கிடைக்கவில்லை, நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கிழக்குவாசல் (நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர், திண்டுக்கல் மாவட்டம்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கணக்குப் பட்டதாரி ஆசிரியராக இருந்து, பதவி உயர்வில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்திருக்கிறேன். எட்டு வகுப்பு, நூற்று நாற்பது பிள்ளைகள், என்னோடு சேர்த்து ஏழு ஆசிரியர்கள். ஊர் நல்ல ஊர், கட்டடம் பரவாயில்லை, ஆசிரியர்களும் ஒழுங்காக வருகிறார்கள். அதனால் புலம்ப வரவில்லை.

காலையில் பிரேயர் முடிந்து நாற்காலியில் உட்கார்ந்தால் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தகவல் தளம்) வருகைப் பதிவு, காலை உணவுக் கணக்கு, சத்துணவுக் கணக்கு, ஆதார் இல்லாத பிள்ளைகள் பட்டியல், புத்தகம் சீருடை வந்து இறங்குவது, நடுவில் டி.சி. கேட்டு வரும் பெற்றோர், வாட்ஸப்பில் 'மிக அவசரம், மாலை 4 மணிக்குள்' என்று ஒரு படிவம். நிமிர்ந்து பார்த்தால் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கிறது. என் பெயரில் இருக்கும் கணக்குப் பாடவேளைக்கே ஓட்டமும் நடையுமாகத்தான் போகிறேன்.

ஆறாம் வகுப்பில் பார்த்த ஒன்றைச் சொன்னால் நான் எதைக் கேட்கிறேன் என்று புரியும். கணக்கு நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். பக்கம் பக்கமாகக் கழித்தல், எல்லாம் சரியான விடை, எல்லாவற்றுக்கும் சிவப்பு டிக். ஒரு பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து 502 – 168 போடச் சொன்னேன். 466 என்று எழுதினான். எப்படி என்று கேட்டால் விரல் வைத்துக் காட்டுகிறான்: 8-இல் 2 போனால் 6, 6-இல் 0 போனால் 6, 5-இல் 1 போனால் 4. மேலே எது கீழே எது என்ற கவலையே இல்லை, பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணை எடுத்துவிடுகிறான். அடுத்த பெஞ்சுப் பெண்ணும் 466. இன்னொருவனுக்கும் அதே. நோட்டில் இருந்ததெல்லாம் போர்டைப் பார்த்து எழுதியது.

பாடக்குறிப்பு சரியாக இருக்கிறது, பணிமுடிப்புப் பதிவேடு சரியாக இருக்கிறது, நோட்டும் சரியாக இருக்கிறது. பிள்ளைக்குத்தான் கழித்தல் வரவில்லை. நான் நாற்காலியிலேயே இருந்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

வகுப்புக்குப் போக எப்படி நேரம் எடுக்கிறீர்கள்? போனால் அங்கே என்னதான் செய்கிறீர்கள்? இரண்டு ஆசிரியர்கள் என்னைவிடப் பணியில் மூத்தவர்கள். அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

—

பழைய_சாக்பீஸ் (ஓய்வு, தென்காசி) எழுதியது:

தம்பி, முதலில் நேரத்தைப் பார்ப்போம். நேரம் 'கிடைக்கட்டும்' என்று காத்திருந்தால் பணி ஓய்வு வரைக்கும் கிடைக்காது. கால அட்டவணையில் உங்கள் பெயருக்கு நேரே கணக்குப் பாடவேளை போட்டிருப்பீர்கள் அல்லவா? அதே மாதிரி 'வகுப்புப் பார்வை' என்று தினம் ஒரு பாடவேளை எழுதி, அட்டவணையை அலுவலகச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அந்த நேரத்தில் யார் வந்தாலும் 'ஹெச்.எம். வகுப்பில் இருக்கிறார்' என்ற பதில்தான். உண்மையும் அதுதானே. காலையில் முதல் இரண்டு பாடவேளைகளில் ஒன்றாக இருக்கட்டும். மதியத்துக்கு மேல் வைத்தால் படிவம் தின்றுவிடும்.

அடுத்தது அந்த 'மிக அவசரம்' படிவங்கள். கொஞ்ச நாள் கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே தகவலைத்தான் வேறு வேறு கட்டம் போட்டுக் கேட்பார்கள். வகுப்பு வாரியாக ஆண் பெண், இன வாரியாக எண்ணிக்கை, ஆதார், வங்கிக் கணக்கு, மாற்றுத் திறன் பிள்ளைகள், கழிப்பறை எத்தனை, எத்தனை பயன்பாட்டில், கட்டடம் எந்த ஆண்டு, சுற்றுச்சுவர் எவ்வளவு நீளம். இதையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி, மாதத்தின் முதல் வேலைநாளில் புதுப்பித்துவிடுங்கள். அப்புறம் எந்தப் படிவம் வந்தாலும் பார்த்து நிரப்ப வேண்டியதுதான். எங்கள் காலத்தில் வாட்ஸப் இல்லை, தபாலில் வரும். தொல்லை மட்டும் இதேதான்.

வகுப்பில் என்ன செய்வது என்பதற்கு, நீங்கள் அந்தப் பையனிடம் செய்ததையே செய்யுங்கள். பின் பெஞ்சில் உட்கார்ந்து ஆசிரியரைப் பார்க்காதீர்கள், பிள்ளைகளின் கையைப் பாருங்கள்.

—

ஈராசிரியர் (தொடக்கப் பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்) எழுதியது:

படிக்க நன்றாக இருக்கிறது ஐயா. எங்கள் பள்ளியில் மொத்தமே இரண்டு பேர். நான் தலைமையாசிரியர், இன்னொருவர் இடைநிலை ஆசிரியர். அவர் சி.எல். போட்டால் ஐந்து வகுப்புக்கும் நான்தான். பயிற்சிக்கு அவரை அழைத்தாலும் அதே கதை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். பாடம் எடுக்காத முழுநேரத் தலைமையாசிரியர் கணக்கெல்லாம் தொடக்கப் பள்ளியில் 150 பிள்ளைகளுக்கு மேல் போனால்தான். நான் யாரைப் போய்ப் பார்வையிடுவது? கண்ணாடியில் என்னைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த மாதிரி இழைகளில் எல்லோரும் பெரிய பள்ளியை மனதில் வைத்தே பேசுகிறீர்கள். தமிழ்நாட்டின் குக்கிராமங்களுக்கு வந்து பாருங்கள், எங்களைப் போன்ற பள்ளிகள் எத்தனை இருக்கின்றன என்று தெரியும்.

—

பழைய_சாக்பீஸ் எழுதியது:

நியாயமான கோபம். ஆனால் உங்களிடம் ஒரு வசதி இருக்கிறது சார். ஹெச்.எம்.மும் வாத்தியாரும் ஒரே ஆள். பார்த்ததை யாரிடமும் பக்குவமாகச் சொல்ல வேண்டிய தலைவலி இல்லை, மறுநாளே மாற்றிவிடலாம்.

பல வகுப்பு ஒரே அறை என்றதும் எனக்கு செயல்வழிக் கற்றல்தான் நினைவுக்கு வருகிறது, பிள்ளைகள் அட்டைகளை வைத்து அவரவர் வேகத்தில் படிப்படியாகக் கற்கும் முறை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தது. அட்டை, ஏணிப்படி, சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குத் தாழ்நிலைக் கரும்பலகை. இப்போது அதைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. எனக்கும் குறைகள் தெரியும். எத்தனை அட்டை முடித்தாய் என்று எண்ணிக்கொண்டே போய், அட்டையில் இருப்பது வந்ததா என்று கேட்க மறந்த பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது ஒரு நல்ல காரியம் செய்தது. வாத்தியாரை நாற்காலியிலிருந்து இறக்கிப் பாயில் உட்காரவைத்தது. பாயில் உட்கார்ந்தால் பிள்ளை எழுதும்போதே நோட்டு தெரியும். 466-இல் முதல் 6 விழும்போதே பிடித்துவிடலாம்.

—

வட்டார_நாற்காலி (ஆசிரியர் பயிற்றுநர்) எழுதியது:

கிழக்குவாசல் சார், நீங்கள் பார்த்த கழித்தல் பிழை உலகம் முழுக்க இருப்பது. மேல் இலக்கம் கீழ் இலக்கத்தைவிடச் சின்னதாக வந்தால்தான் தெரியும். 58 – 23 கொடுத்தால் அதே பிள்ளை சரியாகவே போடும், நாமும் டிக் அடித்துவிட்டுப் போய்விடுவோம். அதனால் எந்தக் கணக்கைக் கொடுத்துச் சோதிக்கிறோம் என்பது முக்கியம். 403 – 157 கொடுத்துப் பாருங்கள். 354 என்று வந்தால் அதே நோய். சரியான விடை 246.

மருந்து, மறுபடியும் அதே முறையைப் போர்டில் போடுவது இல்லை. ரூபாய் நோட்டு மாதிரி காகிதம் வெட்டிக் கொடுங்கள். ஐந்து நூறு ரூபாய், இரண்டு ஒரு ரூபாய் நாணயம். 168 ரூபாய் கொடு என்று கேளுங்கள். பத்து ரூபாயே கையில் இல்லை, நூறை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று பிள்ளையே சொல்லும். 'கடன் வாங்குவது' என்று நாம் சொல்லிக்கொடுக்கும் வித்தை எதற்கு என்று அப்போதுதான் பிடிபடும். கடைக்காரர் சில்லறை கொடுக்கும் முறையிலும் சொல்லலாம். 168-லிருந்து 170-க்கு 2, 200-க்கு 30, 502-க்கு 302. கூட்டினால் 334. இந்த வழியைப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

வகுப்புப் பார்வைக்குப் போகும்போது நான் முக்கியமாகக் கவனிப்பது ஆசிரியர் கேள்வி கேட்டபிறகு எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் என்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்புகளை ஒலிநாடாவில் பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்டதற்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவே ஆசிரியர்கள் விட்ட இடைவெளி சுமார் ஒரு நொடிதான். அதை 3 நொடிக்கு நீட்டியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, வாயே திறக்காதவர்களும் பேசினார்கள், 'தெரியாது' குறைந்தது. செலவு இல்லாத மாற்றம் இதைவிட எனக்குத் தெரியவில்லை.

நம் வகுப்புகளில் அந்த ஒரு நொடியையும் முன் பெஞ்சு தின்றுவிடும். 'புரிஞ்சுதா?' 'புரிஞ்சுது சார்!' என்று கோரஸ் வந்துவிட்டால் பின் பெஞ்சுக்கு வேலையே இல்லை. அதற்குச் சிலேட்டு போதும். எல்லோரும் விடையை எழுதி மார்புக்கு நேரே தூக்கிக் காட்ட வேண்டும். முப்பது விடையும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

—

மைதிலி_டீச்சர்_அல்ல (பட்டதாரி ஆசிரியை, அறிவியல்) எழுதியது:

சிலேட்டு ஐந்தாம் வகுப்பு வரை செல்லும் சார். ஏழு, எட்டில் கொடுத்தால் 'நாங்க என்ன ஒண்ணாங்கிளாஸா' என்பார்கள். நான் ஏ4 வெள்ளைத் தாளை லேமினேட் செய்து கொடுத்திருக்கிறேன். மார்க்கரில் எழுதி, பழைய துணியால் துடைத்துக்கொள்கிறார்கள். மார்க்கர் விலைதான் கொஞ்சம் கடிக்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது பார்வைக்கு ஆளாகிறவள் என்ற முறையில். இங்கே எல்லோரும் 'வகுப்புக்குப் போங்கள், போங்கள்' என்கிறீர்கள். கதவில் நிழல் தெரிந்ததும் எங்களுக்கு என்ன ஆகிறது தெரியுமா? அந்த நிமிடமே பாடம் மாறிவிடும். நன்றாகச் சொல்கிற பிள்ளையை எழுப்புவோம், தெரிந்த கேள்வியைக் கேட்போம். பிள்ளைகளும் கெட்டிக்காரர்கள், அவர்களும் நாடகத்தில் சேர்ந்துகொள்வார்கள். முன்பு நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் பிள்ளைகள் முன்னாலேயே என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி 'இப்படிச் சொல்லிக்கொடுக்கணும்' என்று போர்டில் எழுதினார். அவர் எழுதியது சரிதான். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் என் பேச்சுக்கு மரியாதை வரப் பல மாதம் ஆனது.

இப்போதைய ஹெச்.எம். வேறு மாதிரி. முதலில் என்னை அவருடைய வகுப்புக்கு வரச் சொன்னார். 'எட்டாம் வகுப்புல ஒரு நாலு பேர் என்ன பண்றாங்கன்னு எனக்குத் தெரியல, நீங்க பின்னால உக்காந்து அவங்கள மட்டும் பாத்துச் சொல்லுங்க' என்றார். பார்த்துச் சொன்னேன். அதில் ஒருவனுக்குப் போர்டில் எழுதியது தெரியவில்லை, கண்ணாடி போட வேண்டிய பிள்ளை. அடுத்த வாரம் அவர் என் வகுப்புக்கு வந்தபோது எனக்குப் பயம் இல்லை. யாரைப் பார்க்க வேண்டும் என்று நானே சொன்னேன்.

—

கிழக்குவாசல் எழுதியது:

டீச்சர், உங்கள் ஹெச்.எம். செய்ததை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். என் மூத்த ஆசிரியர்களிடம் 'உங்கள் வகுப்பைப் பார்க்க வருகிறேன்' என்று சொல்வதைவிட 'என் வகுப்பை வந்து பாருங்கள்' என்று சொல்வது எளிது.

ஒரு சந்தேகம். பார்த்ததை லாக் புக்கில் எழுத வேண்டுமே? அதிகாரி ஆய்வுக்கு வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

—

அரசாணை_அண்ணாச்சி (உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்) எழுதியது:

எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு ஒரு பிரச்சினை என்று வரும்போது நீங்கள் பார்த்ததற்குச் சாட்சியே இருக்காது. இங்கே எல்லோரும் அன்பாக, பக்குவமாக என்று பேசுகிறீர்கள். சரி. மாதக்கணக்கில் சொல்லியும் மாறாத ஆளை என்ன செய்வீர்கள்? பாடவேளை தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து வகுப்புக்குள் நுழைபவரை? வகுப்பில் செல்போன் நோண்டுபவரை? அங்கே வாய்ப்பேச்சு எடுபடாது, எழுத்துதான் பேசும். தலைமையாசிரியர் நிர்வாகியும்தான்.

—

பழைய_சாக்பீஸ் எழுதியது:

அண்ணாச்சி சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். தாமதம், செல்போன், வகுப்பைக் காலியாக விடுவது இதெல்லாம் ஒழுங்கு சம்பந்தப்பட்டது. அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், மறுபடி நடந்தால் எழுத வேண்டும். அதில் தயவு பார்த்தால் ஒழுங்காக வரும் மற்ற ஆசிரியர்கள்தான் ஏமாளி ஆவார்கள்.

கற்பித்தலை அதே பேனாவால் எழுதக் கூடாது. 'ஆசிரியர் துணைக்கருவி பயன்படுத்தவில்லை, கரும்பலகைத் திட்டம் சரியில்லை' என்று எழுதினால் அடுத்த முறை துணைக்கருவி மேசைமேல் இருக்கும், அவ்வளவுதான். நான் இப்படி எழுதுவேன்: 'ஆறாம் வகுப்பு, கழித்தல். ஐந்து பிள்ளைகளிடம் 502 – 168 கொடுக்கப்பட்டது. இருவர் சரி. மூவர் இலக்கம் மாற்றிக் கழிக்கின்றனர். ரூபாய் நோட்டு வைத்துச் செய்து பார்க்க ஆசிரியருடன் முடிவு செய்யப்பட்டது.' அதிகாரி வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது, ஆசிரியரும் கையெழுத்துப் போடத் தயங்கமாட்டார். அடுத்த தடவை போகும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் நினைவிருக்கும்.

இன்னொன்று. பார்த்த அன்றைக்கே பேசிவிடுங்கள், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால். ஒரு விஷயம் மட்டும். ஏழெட்டுச் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது.

—

மெட்ரிக்_கோஆர்டினேட்டர் (தனியார் பள்ளி, கோயம்புத்தூர்) எழுதியது:

எங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு குரல். எங்களுக்கு வகுப்புப் பார்வைக்கு நேரம் இருக்கிறது, அதற்கென்றே என்னை வைத்திருக்கிறார்கள். கையில் ஒரு படிவம் கொடுப்பார்கள். நுழைவு எப்படி, குரல் எப்படி, கரும்பலகை எப்படி, ஆங்கிலத்திலேயே பேசினாரா, எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு எத்தனை மார்க். பிள்ளைக்கு வந்ததா என்ற கட்டம் மட்டும் இருக்காது. பத்து நிமிடத்தில் ஒரு ஆசிரியையின் வருட இங்க்ரிமென்ட் தீர்மானமாகிவிடும். இதைப் படிக்கும்போது அரசுப் பள்ளி ஹெச்.எம். ஒருவர் தரையில் உட்கார்ந்து கழித்தல் பார்ப்பது எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

ஒரு கேள்வி: தேர்வுத்தாள் திருத்துவதில் ஆசிரியர்களுக்கு என்ன சொல்கிறீர்கள்? எங்கள் பள்ளியில் மார்க், அதற்குப் பக்கத்தில் 'குட்', 'கேன் டூ பெட்டர்'. பெற்றோர் மார்க்கை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

—

வட்டார_நாற்காலி எழுதியது:

பிள்ளையும் மார்க்கை மட்டும்தான் பார்க்கிறது. ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேலில் நடத்தி 1988-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஒரு குழுவுக்கு மார்க் மட்டும், ஒரு குழுவுக்குக் கருத்து மட்டும், ஒரு குழுவுக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்ற பிள்ளைகள்தான் அடுத்த முறை மேலே வந்தார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டும் பெற்றவர்கள் மார்க் மட்டும் பெற்றவர்களைப் போலத்தான் இருந்தார்கள். பக்கத்தில் எண் இருந்தால் எழுத்து வீண்.

நமக்கு வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே செய்வது) 40, தொகுத்தறிக்கு (பருவ முடிவுத் தேர்வு) 60 என்று பதிவு செய்தே ஆக வேண்டும், மார்க்கே வேண்டாம் என்று சொல்ல முடியாது. நான் சொல்லும் வழி: மார்க்கைப் பதிவேட்டில் எழுதுங்கள், பிள்ளையின் தாளில் எழுதாமல் ஒரு நாள் தள்ளுங்கள். தாளில் 'மூன்றாவது கணக்கில் பத்தாம் இடத்தைத் திரும்பப் பார்' என்று மட்டும் இருக்கட்டும். பிள்ளை திருத்திக் கொண்டுவரட்டும். அப்புறம் மார்க் சொல்லுங்கள். எல்லாத் தாளுக்கும் இப்படிச் செய்ய முடியாது, ஆள் தாங்காது. பருவத்துக்கு ஓரிரண்டு முறை போதும்.

—

பள்ளிக்கூடத்_தெரு (பெற்றோர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்) எழுதியது:

ஆசிரியர்கள் பேசும் இடத்தில் நான் எழுதலாமா தெரியவில்லை. மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டத்தில் இருப்பதால்தான் நானும் உள்ளே வந்தேன்.

கூட்டம் மதியம் மூன்று மணிக்கு என்பார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் நூறு நாள் வேலையில், மீதிப் பேர் மில் ஷிப்டில். ஒரு நாள் கூலி போகும். வருகிறவர்களிடம் தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, 'உங்க பையன் வீட்டுல படிக்கிறதே இல்ல' என்பார்கள். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை.

ஒரே ஒரு டீச்சர் சொன்னார். 'தினமும் ராத்திரி அரைப்பக்கம் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, நீங்க கேட்டுக்கிட்டே சமைங்க, தட்டுத்தடுமாறுற வார்த்தைக்குக் கீழ பென்சில்ல கோடு போடச் சொல்லுங்க, அந்த நோட்ட எனக்குக் குடுத்தனுப்புங்க.' எனக்குப் படிக்கத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. என் மகள் 'கொ', 'தொ' வந்தால் நிற்கிறாள் என்று அந்தக் கோடுகளைப் பார்த்து டீச்சர்தான் கண்டுபிடித்தார். முன்னால் கொம்பு, பின்னால் கால், இரண்டையும் சேர்த்து ஒரே ஒலி என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கொம்பைப் பார்த்ததும் 'கெ' என்று சொல்லிவிடுகிறாள், கால் தனியாக நிற்கிறது. இதை எனக்குச் சொல்லியிருந்தால்தானே நானும் கவனிப்பேன்?

—

ஈராசிரியர் எழுதியது:

அம்மா, நீங்கள் தாராளமாக எழுதலாம். இந்த இழையிலேயே எனக்கு உடனே பயன்படுவது உங்கள் பதிவுதான். இரண்டு பேர் மட்டும் இருக்கும் பள்ளிக்கு அந்தப் பென்சில் கோடு ஒரு ஆள் பலம்.

கூட்டத்தை நாங்கள் சாயங்காலம் ஆறரைக்குக் கோயில் திண்ணைக்கு மாற்றினோம். ஆள் வருகிறது. டீ செலவு மட்டும் என் கையிலிருந்து.

—

அரசாணை_அண்ணாச்சி எழுதியது:

பள்ளி வளாகத்துக்கு வெளியே கூட்டம் நடத்தித் தீர்மானம் போட்டால் தணிக்கையில் கேள்வி வரும், பார்த்துக்கொள்ளுங்கள் சார். திண்ணையில் பேசுங்கள், தீர்மானத்தைப் பள்ளியில் வைத்து எழுதுங்கள்.

—

மைதிலி_டீச்சர்_அல்ல எழுதியது:

அண்ணாச்சி இல்லாவிட்டால் நாங்கள் எல்லோரும் மெமோ வாங்கிக்கொண்டுதான் இருப்போம் :)

எண்ணும் எழுத்தும், அதுதான் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான அரசுத் திட்டம், அதைப் பற்றி யாருமே பேசவில்லையே? 2022-இல் ஒன்று முதல் மூன்று வரை தொடங்கி, அப்புறம் நான்கு ஐந்துக்கும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுப்பதுதான் அதன் உயிர். கிழக்குவாசல் சார் பள்ளியில் ஆறாம் வகுப்பில் கழித்தல் வராத பிள்ளைக்கும் அதே அணுகுமுறைதானே தேவை? ஆறாம் வகுப்பு என்பதற்காக நேரே முழுக்களுக்குப் போய்விட்டால் அந்தப் பையன் வருடம் முழுக்கப் போர்டைப் பார்த்தே எழுதுவான்.

—

வட்டார_நாற்காலி எழுதியது:

ஆமாம். நிலை பிரிப்பது சிரமம் இல்லை, ஒரு மதியம் போதும். பிரித்தபிறகு நிலையை விட்டு நிலை ஏற்றுவதுதான் வேலை. ஜூனில் அரும்பில் உட்கார்ந்த பிள்ளை பிப்ரவரியிலும் அதே பாயில் இருந்தால், நாம் குழு பிரிக்கவில்லை, ஓரம் கட்டியிருக்கிறோம். ஹெச்.எம். பார்க்க வேண்டிய பட்டியல் இதுதான்: போன மாதம் யார் எந்த நிலை, இந்த மாதம் யார் நகர்ந்தார்கள், நகராதவர்கள் யார். செயலியில் ஏற்றியதை மட்டும் நம்பாமல், நகர்ந்ததாகச் சொன்ன பிள்ளைகளில் இரண்டு பேரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

—

கம்புக்காரன் (இடைநிலை ஆசிரியர்) எழுதியது:

எல்லாம் சரி. கையில் கம்பு இல்லாமல், எட்டாவது வரை பெயிலும் இல்லாமல், எதற்குப் பயந்து படிப்பான்? அதை யாரும் பேசமாட்டீர்கள்.

—

பழைய_சாக்பீஸ் எழுதியது:

கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையும் கூடாது, மன உளைச்சலும் கூடாது. சட்டத்தை விடுங்கள். கம்பு இருந்த காலத்திலும் நான் வாத்தியார்தான் தம்பி. அடி வாங்கிய பிள்ளை விடையை மறைக்கக் கற்றுக்கொள்ளும். 466 என்று எழுதியிருப்பதை உங்களிடம் காட்டவே காட்டாது, பக்கத்துப் பையனைப் பார்த்து 334 என்று எழுதிவிடும். உங்களுக்குத் தெரிய வேண்டியதே அந்த 466-தான்.

—

கிழக்குவாசல் எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. காலாண்டு விடுமுறைக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாம் பாடவேளையைச் சுவரில் ஒட்டினேன். வாரம் ஐந்து நாளும் போக முடியவில்லை, போன நாள்களே அதிகம். நீள நோட்டு போட்டது பெரிய உபகாரம். ஒரு படிவத்துக்கு அரைநாள் தேடிக்கொண்டிருந்தது போய், டீ ஆறுவதற்குள் முடிகிறது.

மூத்த ஆசிரியர் ஒருவரை என் ஏழாம் வகுப்புக்கு அழைத்தேன். வந்தார். பின்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, 'நீங்க கேள்வி கேட்டுட்டு நீங்களே பதில் சொல்லிடுறீங்க சார்' என்றார். மறுநாள் முதல் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் பேசுகிறேன். வகுப்பு அமைதியாக இருக்கும் அந்த நேரம் ஒரு யுகம் போலத் தோன்றுகிறது. அவரே பிறகு, தன் ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் வராத பிள்ளைகளை வந்து பார்க்கச் சொன்னார். இன்னொரு மூத்த ஆசிரியை இன்னும் 'அப்புறம் பார்க்கலாம்' என்றே சொல்கிறார். நான் வற்புறுத்தவில்லை.

ஆறாம் வகுப்பில் ரூபாய் நோட்டு வைத்துச் செய்ததில் பெரும்பாலோருக்குக் கழித்தல் வந்துவிட்டது. நான்கு பேருக்கு இன்னும் வரவில்லை. கொஞ்சம் தோண்டினால் கழித்தலே பிரச்சினை இல்லை. 502 என்று சொன்னால் 5002 என்று எழுதுகிறார்கள். கேட்டபடியே ஐந்நூறை எழுதி அதன் பக்கத்தில் இரண்டைப் போடுகிறார்கள். இவர்களை மதியம் கடைசிப் பாடவேளையில் தனியாக உட்காரவைத்து இடமதிப்பிலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன். சரிதானா?

—

பழைய_சாக்பீஸ் எழுதியது:

இடமதிப்பிலிருந்து தொடங்குவது சரி. கடைசிப் பாடவேளை வேண்டாம். அது பெரும்பாலும் விளையாட்டு நேரம், அதைப் பிடுங்கினால் கணக்கின் மேலேயே வெறுப்பு வரும். காலையில் வகுப்பு தொடங்கும் முன் இருபது நிமிடம் எடுங்கள். நான்கு பேரை மட்டும் கூப்பிட்டால் 'மக்குக் குரூப்' என்று பெயர் வைத்துவிடுவார்கள், அதனால் நன்றாகப் போடும் பிள்ளைகள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நூறு, பத்து, ஒன்று என்று மூன்று டப்பா, நிறைய குச்சி. நீங்கள் எண்ணைச் சொல்ல வேண்டும், அவர்கள் குச்சியைப் போட்டுவிட்டு அப்புறம் எழுத வேண்டும். நடு டப்பா காலியாக இருந்தால் அங்கே என்ன எழுதுவது என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வரட்டும்.

குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்ட ஆள் தேவைப்பட்டால், 'அப்புறம் பார்க்கலாம்' என்ற டீச்சரிடம் அவர் வகுப்புப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

—

மைதிலி_டீச்சர்_அல்ல எழுதியது:

குச்சிக்கு ஈர்க்குச்சி வேண்டாம் சார், கையில் சிராய் ஏறும். ஐஸ் குச்சி கட்டாகவே கடையில் கிடைக்கும், ரப்பர் பேண்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.